காலத்தைக் காப்பவர்கள் – 9: துளைக்கேற்ற திருகாணி

சோழபுரம், ராஜபாளையம் வட்டாரத்தில் பழைய ரிவால்வர் ஒன்று இன்றும் ஒரு குடும்பத்தில் மிஞ்சியிருந்தால், அது சும்மா மிஞ்சிய பொருள் அல்ல. சேத்தூரும் சிவகிரியும் பாளையங்களாக இருந்த நாளில் ஆயுதம் இங்கே சகஜம். 1801 டிசம்பர் 1 அன்று சென்னை கவர்னர் எட்வர்ட் கிளைவ் வெளியிட்ட பிரகடனம் தென்பாளையங்களில் ஆயுதம் வைத்திருப்பதையே தடுத்தது. வைஸ்ராய் லிட்டன் காலத்து 1878 ஆயுதச் சட்டம் உரிமம் என்ற கட்டை நாடு முழுக்க இறுக்கியது. இத்தனையையும் தாண்டி முறையாக வந்த ஆயுதத்துக்கு ஓர் எண் இருக்கும், அந்த எண்ணைச் சொல்லும் உரிமத்தாள் இருக்கும். அதன் கைப்பிடித் தகடு விரிசல் விட்டு, திருகாணியும் தொலைந்துபோனால், அதைப் புதுசுபோல் ஆக்கிவிடத்தான் முதலில் ஆசை வரும். தொலைந்ததை நிரப்புவதில் தவறில்லை. ஆனால் எஞ்சியிருப்பதில் அரம் படக்கூடாது என்பதே நான் இங்கே சொல்ல வருவது.

காரணம் திருகாணியின் மரையிலேயே இருக்கிறது. பிர்மிங்காமின் வெப்லி நிறுவனம் 1887-ல் தொடங்கி பிரிட்டிஷ் படைக்குச் செய்த ரிவால்வர்களில் கைப்பிடி என்பது இரண்டு வல்கனைட் தகடுகள். குறுக்கே போகும் ஒரே திருகாணி இரண்டையும் சேர்த்துப் பிடிக்கிறது. 1841-ல் பொறியாளர் விட்வொர்த் வகுத்த மரையின் கோணம் 55 பாகை. கடிகாரங்களுக்கும் நுண்கருவிகளுக்கும் வந்த பிரிட்டிஷ் அசோசியேஷன் மரை 47.5 பாகை. இன்று கடையில் கிடைக்கும் மெட்ரிக் திருகாணி 60 பாகை. போதாததற்கு, அந்தக் காலத்து ஆயுதப் பட்டறைகள் பல தங்களுக்கென்று தனி மரையே வைத்திருந்தன. பார்வைக்கு ஒத்துப்போகும் மெட்ரிக் திருகாணி இரண்டு சுற்று எளிதாக ஏறும், மூன்றாவது சுற்றில் இறுகும். அங்கே திருப்புளியை அழுத்தினால் நூறாண்டு தாங்கிய மரை நொடியில் வழித்துக்கொண்டு போய்விடும். பிறகு துளையைப் பெரிதாக்கி டேப்பால் புது மரை வெட்டுவதைத் தவிர வழி இருக்காது. திருகாணி கெட்டால் இன்னொன்று செய்துகொள்ளலாம். துளை கெட்டால் அந்த ரிவால்வரே கெட்டது.

தாத்தா வைத்திருந்ததை உடைசலாக வைப்பது அவருக்கு மரியாதையா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் நல்லெண்ணத்தில் செய்த காரியமே பொருளின் அடையாளத்தை மறைத்துவிடும் என்பதற்குப் பகத்சிங்கின் கைத்துப்பாக்கியைவிடப் பெரிய சான்று வேண்டாம். அந்த .32 கோல்ட், இந்தூரில் எல்லைப் பாதுகாப்புப் படையின் ஆயுத அருங்காட்சியகத்தில் மற்றவற்றோடு ஒன்றாகக் கிடந்தது. துருப்பிடிக்காமல் இருக்கக் கறுப்பு வண்ணம் பூசியிருந்தார்கள். 2016-ல் வண்ணத்தைச் சுரண்டிய பிறகே 168896 என்ற எண் வெளிப்பட்டது; பகத்சிங் மீதான சாண்டர்ஸ் கொலை வழக்கின் ஆவணங்களோடு அது பொருந்தியது. வண்ணத்துக்குப் பதில் யாராவது பட்டைத்தாளால் தேய்த்து மெருகேற்றியிருந்தால்? கைப்பிடிக்கும் இது பொருந்தும். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ரிவால்வர்களில் வலப்பக்கத் தகட்டின் உள்முகத்தில் துப்பாக்கியின் எண்ணையே எழுதியோ குத்தியோ வைப்பது வழக்கம். உடைந்துவிட்டதே என்று அந்தத் தகட்டைக் குப்பையில் போடுகிறவர், அறியாமல் ஒரு சாட்சியத்தையும் சேர்த்துப் போடுகிறார்.

ராஜபாளையத்தில் நூற்பாலைகளுக்கு உதிரிபாகம் கடைந்து கொடுக்கும் தேர்ந்த டர்னர்கள் இருக்கும்போது இதற்கு ஏன் அலைய வேண்டும் என்பது அடுத்த கேள்வி. அவர்களுடைய கைத்திறனில் எனக்குச் சந்தேகமே இல்லை. சிக்கல் சட்டத்தில் இருக்கிறது. 1959 ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு துப்பாக்கியைப் பழுதுபார்க்கவும் உரிமம் கேட்கிறது. பழம்பொருளுக்கு விலக்கு உண்டே என்று 45-ஆம் பிரிவைக் காட்டுவார்கள். அந்த விலக்கு, பழுதுபார்த்தாலும்கூடச் சுட முடியாததற்குத்தான். சிறு உதிரிபாகங்களுக்கும் அதே பிரிவில் விலக்கு இருக்கிறது; ஆனால் மற்ற பாகங்களோடு சேர்த்துப் பயன்படுத்தும் நோக்கம் இல்லாதபோது மட்டும். தன் ரிவால்வரில் பூட்டவே திருகாணி தேடுகிறவருக்கு அது எப்படிக் கைகொடுக்கும்? வெளிநாட்டிலிருந்து தபாலில் வரவழைக்கலாம் என்ற யோசனையும் இங்கேதான் முட்டி நிற்கிறது. உரிமம் பெற்ற துப்பாக்கிப் பழுதுபார்ப்பவரிடம் உரிமத்தாளோடு போவதே பாதுகாப்பான வழி. மெருகேற்றும்போது எண் அழிந்தால் அது தனிக் குற்றம் என்பதையும் அவர் அறிந்திருப்பார்.

தகடு எதில் செய்வது என்பதிலும் கவனம் வேண்டும். தந்தம் கூடாது; 1986-லிருந்தே இந்தியாவில் ஆசிய யானைத் தந்த வணிகத்துக்குத் தடை. மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் மான்கொம்புக் கைப்பிடி கௌரவம் என்று நினைப்பவர்கள் உண்டு. வனவிலங்குச் சட்டம் அதையும் விடாது. நன்றாக உலர்ந்த ஈட்டியோ, வாங்கிய ரசீதுள்ள வேறு கடினமரமோ போதும். மூலத் தகட்டின் வடிவில் செதுக்கி, உள்முகத்தில் செய்த ஆண்டைக் குறித்துவிட்டால் பிற்காலத்தில் யாரும் அதை மூலமென்று எண்ணி ஏமாறமாட்டார்கள். கழற்றிய பழைய வல்கனைட்டைத் தனிக் காகிதத்தில் சுற்றி, வெளிச்சம் படாமல், இரும்பிலிருந்து விலக்கி வைக்க வேண்டும். அதிலுள்ள கந்தகம் வெளிச்சத்தில் அமிலமாகிறது. அது தகட்டைப் பழுப்பாக்கும், பக்கத்திலுள்ள எஃகையும் அரிக்கும்.