தறிக்குழியில் ஈரம் காத்தல்

தறிக்குழி என்பது குழித்தறியில் நெய்பவர் கால்களை இறக்கி மிதிகட்டைகளை இயக்குவதற்காக வீட்டுத் தரையில் வெட்டப்படும் பள்ளம் ஆகும். இது பொதுவாக 2 முதல் 3 அடி ஆழம் இருக்கும். நெசவாளர் குழியின் விளிம்பில் தரைமட்டத்திலேயே அமர்வார். பாவு அவருக்கு முன்னே தாழ்வாக விரிந்திருக்கும்.

குளிர்நாடுகள் சிலவற்றில் மரத்தரைக்கு அடியில் ஆள் தவழ்ந்து செல்லும் அளவு வெற்றிடம் விட்டு வீடு கட்டுவர். அங்கே தேங்கும் ஈரத்தைப் போக்குவதே ஒரு தனித் தொழில். சேலம், நாமக்கல் சமவெளியில் அந்த வழக்கம் இல்லை. கடைகாலுக்கு மேல் மண் நிரப்பித் தரை போடுவர். இங்கே தரைக்குக் கீழுள்ள ஈரம் ஒரு குடும்பத்தின் வருமானத்தைத் தொடுகிறது என்றால், அது சேலம் அம்மாப்பேட்டை, ஜலகண்டாபுரம், ராசிபுரம் போன்ற ஊர்களின் தறிக்குழியில்தான். கூலி நெய்த துணிக்கே தவிர நாளுக்கு அல்ல. குழியில் தண்ணீர் நின்றால் தறி நிற்கும். தறி நின்றால் கூலி இல்லை.

ஈரம் வேண்டியதும் வேண்டாததும்

ஈரத்தை அடியோடு ஒழிப்பது இங்கு நோக்கம் அன்று. நூல் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். வணிகக் கணக்கில், முற்றும் உலர்ந்த பருத்தி நூலின் எடைக்கு 8.5 விழுக்காடும் பட்டு நூலின் எடைக்கு 11 விழுக்காடும் ஈரத்தை நியம அளவாகக் கொள்வர். பருத்தி நனைந்தால் வலுக்கூடும். காய்ந்தால் பாவில் ஏற்றிய கஞ்சி மொரமொரத்து உதிரும், இழை அறும். சித்திரை வெயிலில் மண்குழியிலிருந்து எழும் குளிர்ந்த ஈரம்தான் பாவைக் காக்கிறது. பட்டு இதற்கு நேர்மாறானது. நனைந்தால் அதன் வலுக் குறையும். சரிகையும் ஈரத்தில் கறுக்கும். ஆகவே பருத்தி நெய்பவருக்கு உதவும் குழி, பட்டு நெய்பவருக்குத் தொல்லையாகலாம்.

நீர் வரும் வழிகள்

முதல் வழி தெரு. தார்ச்சாலையின் மேலேயே மீண்டும் மீண்டும் சாலை போட்டதால், பழைய நெசவாளர் வீடுகள் பல தெருவைவிடத் தாழ்ந்துவிட்டன. பழைய பரப்பைச் சுரண்டி எடுத்த பின்பே புதுச் சாலை போடவேண்டும் என்று 2021-இல் தமிழ்நாட்டின் அப்போதைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு அறிவுறுத்தினார். ஆனால் அதற்கு முன்பே உயர்ந்துவிட்ட தெருக்கள் அப்படியேதான் இருக்கின்றன.

இரண்டாவது, நிலத்தடி ஊற்று. இப்பகுதியில் மண் அடுக்கு பெரும்பாலும் மெல்லியது. அதன்கீழ் சிதைந்த பாறையும் கெட்டிப் பாறையும் உள்ளன. பெருமழையின்போது கீழே இறங்கும் நீர் பாறைமேல் தங்கி, தாழ்வான தெருக்களில் குழிச்சுவர் வழியே கசியும். ஆகஸ்ட் முதல் நவம்பர் வரை இதை எதிர்பார்க்கலாம்.

மூன்றாவது, காற்றின் ஈரம் குளிர்ந்த குழிச்சுவரில் பட்டு வியர்ப்பது.

எது காரணம் என்று அறிய எளிய வழி உண்டு. ஒரு பாலித்தீன் தாளைக் குழிச்சுவரில் நான்கு பக்கமும் ஒட்டி ஒருநாள் விடவேண்டும். தாளுக்குப் பின்னே நீர்த்துளி இருந்தால் ஈரம் மண்ணிலிருந்து வருகிறது. முன்னே இருந்தால் காற்றிலிருந்து வருகிறது.

கட்டுப்படுத்தும் முறைகள்

பலரும் முதலில் செய்வது குழியின் உட்புறம் சிமெண்ட் பூசுவது. ஊற்றுநீர் உள்ள இடத்தில் இது நெடுநாள் நிற்பது அரிது. நீர் வெளியிலிருந்து தள்ளும். உட்பூச்சு உப்புப் பூத்துப் பெயர்ந்து விழும். நீர்த்தடுப்பு மண்ணை ஒட்டிய வெளிப்பக்கத்தில் இருந்தால்தான் நீரின் அழுத்தமே அதைச் சுவரோடு சேர்த்துப் பிடிக்கும். எனவே புதுக்குழி வெட்டும்போதே தடித்த பாலித்தீன் விரித்து, அதன் உட்புறம் செங்கல் கட்டுவது மேல்.

இருக்கும் குழிக்குச் செலவு குறைந்த தீர்வு, அதன் மூலையில் வாளி இறங்கும் அளவுக்கு இன்னும் ஆழமான சிறு பள்ளம் எடுப்பது. கசியும் நீர் முதலில் அதில் சேரும். இறைத்துவிட்டால் மிதிகட்டை நனையாது. மின்மோட்டார் வைத்து இறைப்பவர்கள் நீர் இருக்கும்போது குழிக்குள் இறங்கக் கூடாது.

எனினும் வெளிவேலைதான் முதலில் செய்யவேண்டியது. கூரைநீரைத் தகரத் தூம்பு வைத்துச் சுவரிலிருந்து தள்ளி விடுதல், சுவரடியில் வெளிப்புறமாகச் சரிந்த கான்கிரீட் தளம், வாசலில் கரை ஆகிய மூன்றையும் செய்தால் தெருநீரும் கூரைநீரும் பெருமளவு தடுக்கப்படும். வியர்வைக்கு இவை உதவா. மழைநாளில் நெய்யாதபோது குழியைப் பலகையால் மூடி, வெயில் வந்தபின் திறந்து காயவிடலாம்.

ஆண்டுதோறும் நீர் நிற்கும் வீட்டில் தறியையே உயர்த்துவது நல்லது. உயர்த்திய குழித்தறியில் சட்டமும் இருக்கையும் தரைக்கு மேலே ஏறும். குழி ஆழம் குறையும் அல்லது குழியே தேவைப்படாது. முழங்கால் வலி உள்ள மூத்த நெசவாளர்களுக்கு உட்கார்ந்து எழவும் இது எளிது. ஆனால் பருத்திப் பாவுக்குக் கோடையில் மண் தந்த ஈரம் இனி கிடைக்காது. பாவின் அடியில் ஈர மணல் தட்டோ நனைத்த சாக்கோ வைத்து அதை ஈடுசெய்ய வேண்டும். நண்பகலில் ஒருமுறையாவது மறுபடி நனைக்க வேண்டியிருக்கும்.