ரய் முதல் ஸமர்கந்த் வரை: ஒரு வானாய்வுக் கருவியின் வரலாறு

தொழுகை நேரங்களை நிர்ணயித்தல், கிப்லாவின் திசையைக் காணல், பிறையைக் கணித்தல் ஆகிய மார்க்கத் தேவைகள் முஸ்லிம்களை வானியலின்பால் ஈர்த்தன என்பது பலரும் அறிந்த செய்தியாகும். ஆயினும், தம் கணிப்புகளுக்கு ஆதாரமான அளவீடுகளை அவ்வறிஞர்கள் எக்கருவிகளால் பெற்றனர், அவை எந்தளவுக்கு நம்பத்தக்கனவாய் இருந்தன என்ற வினா அரிதாகவே எழுப்பப்படுகின்றது. ஒரே வகைக் கருவி இரு நகரங்களில், இரு வேறு காலங்களில் நிறுவப்பட்ட வரலாறு இவ்வினாவுக்கு நல்லதொரு விடையைத் தருகின்றது.

சூரியன் ஓராண்டில் செல்வதாகத் தோன்றும் பாதை, வான மத்திய கோட்டுக்குச் சாய்வாக அமைந்துள்ளது. இச்சாய்வை அறியாமல் நிழலைக் கொண்டு நேரத்தையோ, ஓர் ஊரின் அகலக்கோட்டையோ திருத்தமாகக் கணிக்க இயலாது. அதனை அறியும் முறை எளியது. சூரியன் கோடையில் வட எல்லையை அடையும் நாளிலும், மாரியில் தென் எல்லையை அடையும் நாளிலும் அதன் நண்பகல் உயரக்கோணத்தை அளந்து, இரண்டின் வித்தியாசத்தைப் பாதியாக்கினால் போதும். இடர்ப்பாடு அளவிடுவதில்தான் உள்ளது. ஒரு பாகையில் 60 கலைகள். ஒரு கலையில் 60 விகலைகள். 20 சென்ரிமீற்றர் ஆரையுள்ள கைக்கருவியில் ஒரு பாகைக்குக் கிடைக்கும் இடம் 3.5 மில்லிமீற்றர் மட்டுமே. அதற்குள் 60 கலைகளைக் குறிப்பது எங்ஙனம்?

கருவியைப் பெரிதாக்குவதே இதற்குத் தீர்வு எனக் கண்டார் அபூ மஹ்மூத் அல்-குஜந்தீ. புவைஹி ஆட்சியாளர் ஃபக்ருத் தவ்லாவின் ஆதரவில், ரய் நகருக்கு அருகே அவர் அமைத்துக் கி.பி. 994இல் (ஹி. 384) அவதானங்களை மேற்கொண்ட கருவி, அவ்வாட்சியாளரின் பெயராலேயே 'ஸுத்ஸுல் ஃபக்ரீ' என வழங்கிற்று. 'ஸுத்ஸ்' என்பது ஆறிலொரு பங்கு. அதாவது, வட்டத்தின் 60 பாகை வில். வடக்குத் தெற்காக எழுப்பிய இரு சுவர்களுக்கிடையே இருண்ட இடைவெளி. மேலே கூரையில் ஒரு சிறு துவாரம். அத்துவாரத்தை மையமாகக் கொண்டு ஏறக்குறைய 20 மீற்றர் ஆரையில் கீழே வளைந்து செல்லும் வில். நண்பகலில் துவாரத்தினூடே நுழையும் ஒளி, வில்லின்மீது சூரிய வட்டமாக விழும். அவ்வட்டத்தின் மையத்தைக் குறித்தால் உயரக்கோணம் கிடைத்துவிடும். இங்கு ஒரு பாகை 35 சென்ரிமீற்றர். ஒரு கலை கிட்டத்தட்ட 6 மில்லிமீற்றர்.

குஜந்தீ பெற்ற சாய்வு 23 பாகை 32 கலை அளவினது. அக்காலத்து உண்மை அளவு 23 பாகை 34 கலை என்பது இன்றைய கணிப்பு. இத்துணைப் பெரிய கருவியில் இரண்டு கலைப் பிழை எவ்வாறு நேர்ந்தது? விடையை அறிஞர் அல்-பீரூனீயே எழுதி வைத்துள்ளார். கட்டடத்தின் பாரத்தால் துவாரம் சற்றே கீழிறங்கிவிட்டது என்பது அவர் கூற்று. கோடை அளவீட்டுக்கும் மாரி அளவீட்டுக்கும் இடையே மையம் நகருமாயின், அவற்றின் வித்தியாசமும் பிழைபடுதல் திண்ணம். இதனினும் சிறிய கருவிகளைக் கையாண்ட அல்-பீரூனீ 23 பாகை 35 கலை எனக் கண்டு, உண்மையை மேலும் அண்மித்தார். பருமன் மட்டும் துல்லியத்தைத் தந்துவிடாது. உறுதியும் வேண்டும் என்பதே இதன் படிப்பினை.

நான்கு நூற்றாண்டுகளுக்குப் பின்னர், 1420களில் ஸமர்கந்தில் உலூக் பேக் அமைத்த வானாய்வு நிலையத்தில் இவ்வுறுதி கைகூடிற்று. ஜம்ஷீத் அல்-காஷீ, காழீ ஸாதா ரூமீ, அலீ குஷ்ஜி ஆகியோர் பணியாற்றிய அந்நிலையத்தின் ஸுத்ஸ் ஏறத்தாழ 40 மீற்றர் ஆரையுடையது. ஒரு பாகைக்கு 70 சென்ரிமீற்றர் இடம் கிடைத்தது. வில்லின் கீழ்ப்பகுதி குன்றின் பாறையைக் குடைந்து நிலத்துக்கடியில் பதிக்கப்பட்டது. இங்கு பெறப்பட்ட சாய்வு 23 பாகை 30 கலை 17 விகலை. பிழை இப்போது அரைக் கலையளவே. நட்சத்திர ஆண்டின் நீளத்தை அவர்கள் 365 நாள் 6 மணி 10 நிமிடம் 8 விநாடி எனக் கணித்தனர். இன்றைய அளவுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு ஒரு நிமிடத்துக்கும் குறைவு. ஏனைய கருவிகளின் துணையுடன் 1018 நட்சத்திரங்களின் நிலைகளும் அட்டவணைப்படுத்தப்பட்டன.

பாறை நிலைத்தது; ஆட்சி நிலைக்கவில்லை. 1449இல் உலூக் பேக் தம் மகனின் ஆணையால் கொலையுண்டார். நிலையம் கைவிடப்பட்டுச் சிதைந்தது. அதன் இடமே மறக்கப்பட்டது. 1908இல் ருஷ்ய ஆய்வாளர் வியாத்கின் பழைய வக்ஃப் ஆவணமொன்றின் துணைகொண்டு அதனைக் கண்டறிந்தார். அகழ்ந்தபோது எஞ்சியிருந்தது, நிலத்துக்கடியிலிருந்த அந்த வில்லின் பகுதியே!

எனினும், அறிவு புதையுண்டு போகவில்லை. அலீ குஷ்ஜி அட்டவணைகளுடன் இஸ்தான்பூல் சென்றார். 1665இல் அந்நட்சத்திர அட்டவணை ஒக்ஸ்போர்டில் அச்சேறிற்று. 18ஆம் நூற்றாண்டில் ஜெய்ப்பூரில் மன்னர் ஜெய் சிங் அமைத்த நிலையத்திலும் அதே துவாரமும் 60 பாகை வில்லும் உள்ளன. 'ஷஷ்டாம்ச யந்திரம்' என்பது அங்கு அதன் பெயர்; ஆறிலொரு பங்கு என்பதே அதற்கும் பொருள். தன் ஆய்வின் பெறுபேறுகளை அம்மன்னர் முகலாயப் பேரரசர் முஹம்மத் ஷாவின் பெயரால் பாரசீக மொழியில் நூலாக்கினார். முன்னோரின் பிழையை மறைக்காது எழுதி வைத்த அல்-பீரூனீயின் நேர்மையும், பாறையைக் குடைந்த ஸமர்கந்தினரின் பொறுமையும் இந்நெடும் பயணத்தை நினைவுகூர்வோர் மறக்கக் கூடாதவை.