சாதாப் பொடியும் சுண்ணாம்புக் கணக்கும்

"வாசனை கிடையாது, கலப்படம் கிடையாது, வெறும் புகையிலைதான் சார்." பொடிக்கடையில் சாதாப் பொடி கேட்டால், தராசில் நிறுத்துக்கொண்டே கடைக்காரர் சொல்லும் வாக்கியம் இது. மென்தால், ரோஜா, ஏலக்காய் எதுவும் சேராத மூக்குப்பொடிக்கு இன்றும் தனியாக ஒரு கூட்டம் இருக்கிறது. பெரும்பாலும் அறுபதைத் தாண்டியவர்கள். வாசனைப் பொடியை அவர்கள் பொடியாகவே ஏற்பதில்லை. அவர்கள் டப்பியில் இருப்பது எது, அதில் எது தேவலை, எதைத் தொடவே கூடாது என்பதுதான் இந்தக் கட்டுரை. புதிதாகப் பழகிப் பார்க்கலாமா என்று கேட்பவருக்கு ஒரே பதில்: வேண்டாம். மற்றதெல்லாம் ஏற்கெனவே பழகிவிட்டவர்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும்.

வாசனைப் பொடியில் இலை மட்டமாக இருந்தாலும் மென்தால் அதை மூடிவிடும். சாதாப் பொடியில் அந்த வசதி இல்லை. இலை, வறுவல், அரைப்பு, ஈரம், நெய், சுண்ணாம்பு ஆகிய ஆறில் எது பிசகினாலும் முதல் சிட்டிகையிலேயே மூக்குக்குத் தெரிந்துவிடும். அதனால்தான் பழைய ஆட்கள் இதை மட்டும் நம்புகிறார்கள்.

நம் ஊர்ச் சாதாப் பொடியின் சிறப்பு வறுவலில் இருக்கிறது. காம்பையும் நடுநரம்பையும் கிள்ளி எடுத்த இலையைக் காயவைத்து, சட்டியில் பக்குவமாக வறுத்து, இடித்து, துணியில் சலித்து, நெய் விட்டுப் பிசறி, சுண்ணாம்பு சேர்ப்பது பழைய முறை. இளவறுப்பில் பொடி செம்பழுப்பாக இருக்கும். இலையின் வாசனை தெரியும், சற்றே இனிப்பான நெடி வரும். வறுவல் கூடக்கூட நிறம் கறுத்து, கருகல் வாடை மேலே வந்து, இலை எதுவென்றே தெரியாமல் போய்விடும். கறுத்த பொடிதான் வீரியம் என்று நினைப்பவர்கள் நிறைய. நிறத்துக்கும் வீரியத்துக்கும் நேரடிச் சம்பந்தம் இல்லை. மட்டமான இலையை மறைக்க வேண்டுமானால் நன்றாகக் கறுக்க வறுத்துவிட்டால் போதும். எனவே கறுப்பைக் கண்டால் எனக்குச் சந்தேகம்தான் முதலில் வருகிறது.

நெய் எதற்கு? வறுத்த தூள் பறக்காமல் நிற்கவும், மூக்கில் படும்போது உள்ள முரட்டுத்தனம் குறையவும். இதே யோசனை ஜெர்மனியின் பவேரியாவிலும் தோன்றியிருக்கிறது. பிரேசில் புகையிலையை ஊறவைத்துப் புளிக்கவிட்டு, உருக்கிய வெண்ணெய் கலந்து அரைத்த கருமையான பொடி அங்கே இருநூறு ஆண்டுப் பழக்கம். இப்போது பெரும்பாலும் வெண்ணெய்க்குப் பதில் பாரஃபின் எண்ணெய் கலக்கிறார்கள். வெண்ணெய் நாளாக நாளாகச் சிக்கு வாடை அடிக்கும், எண்ணெய் அடிக்காது என்பது காரணம். நம் பொடிக்கும் அந்தக் குறை உண்டு. நெய்ப் பொடியை மாதக்கணக்கில் வாங்கி அடுக்குவது வீண். ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும், அதையும் முகர்ந்து பார்த்தே வாங்க வேண்டும். வாழைச்சருகு மட்டையில் கட்டிய பொடி ஈரம் காக்கும், பிளாஸ்டிக் உறையில் அடைத்தது சீக்கிரம் வேர்த்துக் கட்டிபிடிக்கும். மட்டை கிடைத்தால் மட்டையே மேல்.

அயர்லாந்திலும் இங்கிலாந்திலும் இதற்கு நேர்எதிர் வகை ஒன்று உண்டு. இலையை நன்றாக உலர்த்தி, வறுத்து, மாவுபோல அரைப்பது. கொழுப்பு கிடையாது, ஈரம் கிடையாது. ஷெஃபீல்டு ஊரில் 18-ம் நூற்றாண்டிலேயே தண்ணீர்ச் சக்கரத்தால் ஓடிய பொடி ஆலை இருந்தது. இந்த வறட்டுப் பொடி கொஞ்சம் பலமாக இழுத்தாலும் தொண்டைக்கு இறங்கிவிடும், கண்ணில் தண்ணீர் வந்துவிடும். பிரெஞ்சுக்காரர்கள் ஒருகாலத்தில் புகையிலையைக் கட்டையாக இறுக்கிச் சுற்றிவைத்து, வேண்டும்போது துருவிப் போட்டுக்கொண்டார்கள். அந்தத் துருவல் பருமனானது, ஈரமானது, மூக்கின் முன்பகுதியிலேயே தங்கிவிடும்.

ஆக, உருவத்தை வைத்து மட்டும் சொன்னால் என் பரிந்துரை இது: மாவுப் பொடியைவிடச் சற்றுப் பருமனான பொடி, கருவறுப்பைவிட இளவறுப்பு, காய்ந்ததைவிட லேசான ஈரம், அதுவும் புதிதாகப் பிசறியது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தேய்த்தால் நரநரவென்று தட்டுப்பட வேண்டும், விரலில் எண்ணெய்ப் பிசுபிசுப்பு ஒட்டக்கூடாது. பொடி மூக்கு நுனியைத் தாண்டக்கூடாது, தொண்டைக்கு வந்தால் இழுத்தது அதிகம்.

இதோடு ஒப்பீட்டை முடித்துவிடலாம். ஆனால் ஆறாவதாகச் சொன்ன சுண்ணாம்பு என்னை விடுவதாக இல்லை.

இலைக்குள் இருக்கும் நிக்கோட்டினில் பெரும்பகுதி அமிலத்தோடு சேர்ந்து உப்பாக இருக்கிறது. அந்த நிலையில் அது மூக்கின் சவ்வை எளிதில் தாண்டாது. சுண்ணாம்பு சேர்த்ததும் அமிலத்தைவிட்டுப் பிரிந்து, சவ்வுக்குள் புகத் தயாராகிறது. காரத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவு 6 என்றால் பிரிந்து நிற்பது நூற்றில் ஒரு பங்கு. 8 என்றால் ஏறத்தாழ பாதி. 9-ஐத் தொட்டால் பத்தில் ஒன்பது பங்கு. இலையின் அளவு மாறவில்லை, சிட்டிகையின் அளவு மாறவில்லை, ஆனால் உடம்புக்குள் ஏறுவது பல மடங்காகிவிடுகிறது. வெற்றிலையோடு புகையிலை போடுபவர் சுண்ணாம்பைக் கூட்டிக்கொள்வதும் இதற்குத்தான். அவராவது தன் விரலால் தடவிக்கொள்கிறார், எவ்வளவு என்று அவருக்குத் தெரியும். பொடி போடுபவருக்கு அது தெரியாது.

1980-களின் தொடக்கத்தில் இங்கிலாந்து மருத்துவர்கள், பழகியவர்கள் ஒரு முறை போட்டுக்கொள்ளும் பொடி சில நிமிடங்களிலேயே ரத்தத்தில் ஏற்றும் நிக்கோட்டின், ஒரு சிகரெட் ஏற்றுவதற்கு நிகர் என்று அளந்து காட்டினார்கள். 'என்ன சார், பொடிதானே' என்று சொல்பவர்கள் இதை யோசிக்க வேண்டும். நாள் முழுக்கப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை டப்பியைத் திறக்கும் பெரியவர், சிகரெட்டுக்காரரைவிடக் குறைவான பிடியில் இருப்பதாகத் தன்னைத் தேற்றிக்கொள்கிறார். வாசனை சேர்க்கவில்லை என்பதற்காகப் பொடி சாதுவாகிவிடுவதில்லை. மென்தால் பொடியை விட்டுவிட்டு இதற்கு வந்தேன் என்று பெருமையாகச் சொல்பவரைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. மென்தாலை எடுத்துவிட்டு, சுண்ணாம்புக் காரத்தைக் கூட்டிய பொடியை அவர் வாங்கியிருக்கலாம்.

இதைக் கண்டுபிடிக்க ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை. ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் என்ன ஆகிறது என்று எல்லா வீட்டிலும் தெரியும். வெள்ளைத் தாளில் மஞ்சள் கரைசலைத் தடவி உலர்த்திக்கொள்ளுங்கள். கால் டம்ளர் தண்ணீரில் இரண்டு சிட்டிகை பொடியைக் கலக்கி, துணியில் வடித்து, அந்தத் தண்ணீரை ஒரு சொட்டு மஞ்சள் தாளில் விடுங்கள். பக்கத்திலேயே வெறும் தண்ணீர் ஒரு சொட்டு. புகையிலைத் தண்ணீரின் பழுப்பு எப்படியும் படியும், அதைப் பார்த்து ஏமாற வேண்டாம். சொட்டின் விளிம்பைப் பாருங்கள். விளிம்பு குங்குமமாகச் சிவந்தால் காரம் தாராளம். வெறும் பழுப்போடு நின்றால் காரம் குறைவு. நான் கடைகளில் வாங்கிப் பார்த்த சாதாப் பொடிகளில் சில சட்டென்று சிவந்தன, சில மெல்ல ஆரஞ்சுக்கு வந்தன. விலைக்கும் சிவப்புக்கும் சம்பந்தமே இல்லை. உயர்ந்த விலைப் பொடியும் சிவந்தது.

இரண்டு பொடிகள் கையில் இருந்து, வறுவலும் அரைப்பும் ஒன்றுபோல இருந்தால், குறைவாகச் சிவப்பதை எடுத்துக்கொள்ளச் சொல்வேன். அது ஏறாது, சப்பென்று இருக்கும் என்று பழையவர்கள் சொல்வார்கள், அது உண்மையும்கூட. ஏறாமல் இருப்பதுதான் அதில் நல்லது. ஆனால் ஒன்றில் கவனம் வேண்டும். ஏறவில்லையே என்று இரண்டு மடங்கு போட்டுக்கொண்டால் கணக்கு பழைய இடத்துக்கே வந்துவிடும். சிட்டிகையும் கூடாமல், நேர இடைவெளியும் குறையாமல் இருந்தால் மட்டுமே மாற்றத்துக்குப் பொருள்.

மூக்கின் சவ்வுக்குச் சுண்ணாம்பு செய்வது தனி. பல வருடம் பொடி போட்டவரின் மூக்கடைப்பு, ஓயாத சளி, மங்கிப்போன முகர்வுணர்வு எல்லாம் அவர்கள் வீட்டாருக்கு நன்றாகத் தெரிந்தவை. பொடியின் நெடி இல்லாமல் சாம்பார் வாசனைகூடத் தெரிவதில்லை என்று ஒரு ஓய்வுபெற்ற தமிழாசிரியர் என்னிடம் சொன்னார். முகர்வைத் திரும்பப் பெறவே மேலும் ஒரு சிட்டிகை போடுகிறார்கள்.

1761-லேயே ஒரு லண்டன் மருத்துவர் பொடி போடுபவர்களின் மூக்கில் கண்ட கட்டிகளை எழுதி எச்சரித்துவிட்டார். இப்போது புகையில்லாப் புகையிலை வாய், உணவுக்குழாய், கணையம் ஆகியவற்றில் புற்றுநோய் உண்டாக்கும் என்பதில் மருத்துவ உலகில் இரண்டு கருத்து இல்லை. மூக்கு வழியாகப் போடுவது பற்றிய சான்று வாய்வழிப் பழக்கத்தின் அளவுக்குத் திரளவில்லை என்று பொடிப் பிரியர்கள் வாதிடுவார்கள். அந்த வாதத்தில் உண்மை உண்டு. ஆனால் அதே பொடியைப் பல்லில் தேய்க்கும் பாட்டிகள் நம் கிராமங்களில் இன்றும் இருக்கிறார்கள். பல்வலிக்கு, வாய் துர்நாற்றத்துக்கு என்று தொடங்கி, காலையும் மாலையும் ஈறில் அப்பி வைத்துக்கொள்ளும் பழக்கமாகிவிடுகிறது. அங்கே சுண்ணாம்பும் புகையிலையும் ஒன்றாக ஈறில் ஊறுகின்றன. மூக்குக்கென்று வாங்கிய பொடி வாய்க்குப் போனால், மேலே சொன்ன சலுகை எதுவும் மிஞ்சுவதில்லை.

2003-ன் புகையிலைச் சட்டப் பட்டியலில் மூக்குப்பொடியும் இருக்கிறது. பதினெட்டு வயதுக்குக் கீழே விற்கக்கூடாது, கல்விக்கூடத்துக்கு நூறு கெஜத்துக்குள் விற்கக்கூடாது, உறையில் எச்சரிக்கைப் படம் வேண்டும். ஜாடியிலிருந்து எடுத்து நிறுத்து, மட்டையில் மடித்துக் கொடுக்கும் பொடியில் எந்தப் படமும் இல்லை, தயாரித்த தேதியும் இல்லை. உறையில் வருவதிலும் புகையிலை என்ற பெயர்தான் பெரிதாக இருக்கிறது. சுண்ணாம்பு எவ்வளவு என்று அச்சிட்ட உறை ஒன்றை நான் இதுவரை பார்க்கவில்லை. ஊறுகாய்ப் பாட்டிலில் உப்பு, எண்ணெய், பதப்படுத்தும் பொருள் எல்லாம் எழுதியிருக்கிறது. ஒரு நாளைக்கு நாற்பது முறை மூக்கில் ஏற்றுவதில் என்ன இருக்கிறது என்று கேட்க வாங்குபவருக்கு உரிமை இல்லையா? பி.எச். அளவு, நிக்கோட்டின் அளவு, பிசறிய தேதி. இந்த மூன்றையும் உறையில் போடச் சொல்வது பெரிய செலவு பிடிக்கும் காரியம் இல்லை. போட ஆரம்பித்தால், எந்தப் பொடி தேவலை என்று நான் எழுத வேண்டியதே இருக்காது.

அதுவரை, அடுத்த முறை மட்டை வாங்கும்போது கடைக்காரரிடம் 'சுண்ணாம்பு எவ்வளவு?' என்று கேளுங்கள். எல்லாரும் போடுவதுதான் என்று மழுப்பினால் வேறு கடை பாருங்கள். நேராகப் பதில் சொல்பவர்கள் இருக்கிறார்கள், பெரும்பாலும் கடைக்குப் பின்னாலேயே தாங்களே பிசறுபவர்கள். குறைத்துப் பிசறித் தரச் சொன்னால் தருவார்கள். விட்டே தீருவது என்று முடிவெடுத்தவர்கள் புகையிலைப் பழக்கம் விடுவதற்கான இலவச எண் 1800-11-2356-ஐ அழைக்கலாம். பொடிக்கும் அங்கே ஆலோசனை கேட்கலாம்.