நாலு செங்கல் போதாது

“சார், நாலு செங்கல் கிடைக்குமா?” ஏசி அவுட்டோரை மொட்டை மாடிக்குத் தூக்கி வரும் மெக்கானிக் முதலில் கேட்பது இதைத்தான். வீட்டுக்கு ஒரு ஏசி என்றால் அவர் கேட்டதில் பெரிய தப்பில்லை. அந்தப் பெட்டி 30, 40 கிலோதான் இருக்கும். ஆனால் இன்று மூன்று மாடி கிளினிக், கல்யாண மண்டபம், அடுக்ககம் என எல்லாவற்றின் தலையிலும் ஏறுவது அந்தச் சின்னப் பெட்டி இல்லை. பல அறைகளுக்குச் சேர்த்து ஓடும் வி.ஆர்.எஃப். அவுட்டோர் ஒன்றே 200, 300 கிலோ வரும். போதாக்குறைக்குக் கூலிங் டவர், ஜெனரேட்டர், தண்ணீர்த் தொட்டி. இவற்றுக்கும் அதே நாலு செங்கல் என்றால்தான் வம்பு. டீயை எடுத்துக்கொள்ளுங்கள், நிதானமாகப் பேசலாம்.

ஆட்கள் ஏறிப் புழங்கும் மொட்டை மாடிக்கு, ஐ.எஸ். 875 என்ற இந்தியத் தரநிலையின் இரண்டாம் பாகம் வைத்திருக்கும் சுமைக் கணக்கு சதுர மீட்டருக்கு 1.5 கிலோ நியூட்டன். நம் பாஷையில் சுமார் 150 கிலோ. துணி உலர்த்த, வடகம் காயவைக்க, நாலு பேர் நின்று காற்று வாங்க அது தாராளம். 1000 லிட்டர் தொட்டியை நிரப்பினால் தண்ணீர் மட்டுமே ஒரு டன். அது உட்காரும் இடமோ ஒரு சதுர மீட்டருக்கும் குறைவு. தளம் அன்றைக்கே இடிந்துவிடாது. கொஞ்சம் கொஞ்சமாகத் தாழும், கீழ் அறையின் விட்டத்து நடுவில் மயிரிழை விரிசல் விடும், மழை இறங்கும், கம்பி துருப்பிடித்து உப்பும். சில வருஷம் கழித்துக் காரை பெயர்ந்து கட்டிலில் விழும்போது, யாரும் மேலே இருக்கிற தொட்டியைச் சந்தேகப்படுவதில்லை. சிமெண்டைத்தான் திட்டுவார்கள்.

கயிற்றுக் கட்டிலில் நடுவில் உட்கார்ந்தால் கயிறு தொய்கிறது. சட்டத்தை ஒட்டி உட்கார்ந்தால் அசைவதில்லை. மாடியின் கதையும் அதேதான். இரண்டு பக்கமும் தாங்கப்பட்ட ஒரு பட்டையின் மேல் ஒரு டன்னைப் பரப்பி வைத்தால் வரும் வளைவு விசையைவிட, அதே டன்னை நட்ட நடுவில் வைத்தால் வருவது இரண்டு மடங்கு. ஆகவே ஸ்டாண்ட் வேண்டுமா, பீடம் வேண்டுமா என்பதெல்லாம் அப்புறம். பாரம் எந்த வழியாகப் பில்லருக்குப் போய்ச் சேரப்போகிறது என்பதுதான் முதல் கேள்வி.

பில்லர் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க நம் ஊரில் ஒரு வசதி உண்டு. நாளைக்கு இன்னொரு மாடி எழுப்பலாம் என்ற ஆசையில் மொட்டை மாடி மூலைகளில் கம்பியை நீட்டி விட்டிருப்பார்களே, அந்தக் கம்பி நிற்கும் இடமெல்லாம் பில்லர். ஒரு கம்பிக்கட்டிலிருந்து அடுத்ததற்கு நூல் பிடித்தால் பெரும்பாலும் அதுதான் பீம் ஓடும் பாதை. கீழ் அறைக்குப் போய் அண்ணாந்து பார்த்தும் உறுதி செய்துகொள்ளலாம். பில்லரே இல்லாமல் சுவரே தாங்கும் வீடு என்றால், கீழே ஒன்பது இஞ்ச் சுவர் எங்கே ஓடுகிறதோ அந்தக் கோட்டின் மேல்தான் எதையும் வைக்க வேண்டும். தேக்கு உத்தரத்தின் மேல் செங்கல்லைக் குத்துவாட்டில் அடுக்கிச் சுண்ணாம்பில் கட்டிய பழைய மெட்ராஸ் டெரஸ் வீடா? அதன் நடுத்தளத்தில் எதுவுமே வேண்டாம். இதில் நான் பிடிவாதக்காரன்.

பாரம் இறங்கும் இடம் தெரிந்துவிட்டது என்றால், கனமான இயந்திரத்துக்கு நான் சிபாரிசு செய்வது ஒன்றுதான். பீமின் மேல் சின்னச் சின்னக் கான்கிரீட் பீடங்கள், அவற்றுக்கு மேல் ஐ பீமோ சி சேனலோ கொண்டு இரும்புச் சட்டம், சட்டத்தின் மேல் இயந்திரம். சட்டம் ஒரு பீமிலிருந்து அடுத்த பீமுக்குத் தாண்டிப்போகும், நடுவில் இருக்கும் தளத்தைத் தொடாது. கடலோர ஊரில் ரெட் ஆக்சைடு அடித்த இரும்பு சீக்கிரமே செதில் செதிலாக உரியும். கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் துத்தநாகத்தில் முக்கியெடுத்த கால்வனைஸ் சட்டமே வாங்குங்கள்.

சிலர் “எதற்கு இவ்வளவு? கைப்பிடிச் சுவரில் பிராக்கெட் அடித்து மாட்டிவிடலாமே” என்பார்கள். நாலரை இஞ்ச் கைப்பிடிச் சுவர் ஆள் விழாமல் தடுக்கக் கட்டியது. ஆடிக்கொண்டே இருக்கும் பாரத்தை அதில் தொங்கவிடாதீர்கள்.

அடுத்து தண்ணீர். செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு, மேலே தட்டோடு பதித்து, வாட்டம் பார்த்து வைத்திருக்கிறோம். அந்த வாட்டத்தை மறித்து ஒரு செங்கல் வரிசை கிடந்தால் அதன் பின்னால் தண்ணீர் தேங்கும், மண் படியும், பாசி பிடிக்கும், ஒருநாள் அரசங்கன்று முளைத்திருக்கும். இடைவெளி இல்லாமல் இயந்திரத்தைத் தரையோடு உட்காரவைத்தால் அந்தக் கன்றைப் பிடுங்கக்கூடக் கை போகாது. அமெரிக்கக் கூரை ஒப்பந்ததாரர் சங்கமான என்.ஆர்.சி.ஏ. இதற்கென்றே ஓர் அட்டவணை வைத்திருக்கிறது. 24 அங்குல அகலம் வரையுள்ள இயந்திரத்துக்கு அடியில் 14 அங்குல இடைவெளி வேண்டும், அகலம் 61 அங்குலமோ அதற்கு மேலோ என்றால் 48 அங்குலம். பழைய தட்டோட்டைப் பெயர்த்துப் புதிதாகப் போட ஒரு கொத்தனார் குனிந்து உள்ளே போக வேண்டும் என்ற ஒரே கணக்குதான் அது. நம் ஊர்க் கொத்தனாருக்கும் அதே முதுகுதானே.

துளை போடும் விஷயத்தில் மட்டும் பக்கத்திலேயே நில்லுங்கள். நாலு இஞ்ச் ஆங்கர் போல்ட்டைத் தட்டோட்டின் மேலிருந்து அடித்தால், மூன்று இஞ்ச் ஜல்லித் தளத்திலேயே போய்விடும். கான்கிரீட்டைப் பிடிப்பது மீதி ஒரு இஞ்ச்தான். கையால் ஆட்டிப் பார்த்தால் கெட்டியாகத் தெரியும், பிடிப்பு கிடையாது. மழைக்கு ஒரு வழி திறந்து வைத்ததுதான் மிச்சம். புதுக் கட்டடம் என்றால் தளவரிசை போடுவதற்கு முன்பே பீடத்தைக் கான்கிரீட்டிலிருந்து கம்பியோடு எழுப்பிவிட வேண்டும். பழைய கட்டடத்தில் அந்த இடத்துத் தட்டோட்டையும் ஜல்லியையும் வெட்டியெடுத்து, கான்கிரீட்டில் துளையிட்டு, கெமிக்கல் ஆங்கரில் கம்பி நட்டுப் பீடம் கட்டி, ஓரங்களில் நீர்காப்புப் பூச்சைப் பீடத்தின் மேலே வரை ஏற்றிவிட வேண்டும். இரண்டு மூன்று நாள் வேலை. அவசரப்படுத்தாதீர்கள்.

“இவ்வளவு கனம், காற்றா தள்ளிவிடும்?” என்று கேட்பவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. ஐ.எஸ். 875இன் மூன்றாம் பாகத்தில் சென்னைக்கு அடிப்படைக் காற்று வேகம் விநாடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். அந்த வேகத்தில் ஒரு சதுர மீட்டர் முகத்தில் விழும் அழுத்தம் சுமார் 150 கிலோ. 1.2 மீட்டர் அகலம், 1.7 மீட்டர் உயரம் உள்ள அவுட்டோரின் முகம் இரண்டு சதுர மீட்டர். தள்ளும் விசை 300 கிலோ, அதுவும் 85 செ.மீ. உயரத்தில். பெருக்கினால் 25,500. பெட்டியின் எடை 250 கிலோ, ஆழம் 76 செ.மீ. என்று வையுங்கள். அதைக் கவிழவிடாமல் பிடிப்பது 250ஐ அடிப்பாகத்தின் பாதியான 38ஆல் பெருக்கி வரும் 9,500 மட்டுமே. போல்ட் இல்லையென்றால் பெட்டி சாயும். அடியில் இடைவெளி வேண்டுமென்று ஸ்டாண்டை உயர்த்த உயர்த்த, போல்ட்டும் சட்டத்தின் குறுக்குக் கம்பிகளும் இன்னும் வலுவாக வேண்டும். 2011இல் ‘தானே’யைக் கடலூரிலும் 2016 டிசம்பரில் ‘வர்தா’வைச் சென்னையிலும் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தட்டோட்டின் மேல் சும்மா வைக்கும் ரப்பர் கட்டைகள் வந்திருக்கின்றன. செம்புக் குழாயையும் கேபிள் தட்டையும் தாங்க நல்லவை. ஆளுயர அவுட்டோருக்குக் கடலோரத்தில் அவற்றை மட்டும் நம்ப மாட்டேன்.

அதிர்வைப் பற்றியும் ஒரு வார்த்தை. சாதாரண அவுட்டோருக்கு ரப்பர் பேட் போதும். நிமிஷத்துக்கு 1450 சுற்று சுழலும் பம்ப், ஜெனரேட்டர் போன்றவற்றுக்கு ஸ்பிரிங் நல்லது. பாரம் ஏறியதும் 25 மி.மீ. அமுங்கும் ஸ்பிரிங்கின் இயல்பான ஆட்டம் விநாடிக்கு மூன்று தடவை. இயந்திரத்தினுடையது 24. இரண்டுக்கும் இவ்வளவு இடைவெளி இருப்பதால் ஆட்டம் கீழே இறங்காது. ஆனால் ஸ்பிரிங் போட்டுவிட்டுக் குழாயை விறைப்பாகச் சுவரில் கவ்விவிட்டால் போட்ட பணம் வீண். குழாய் வழியாகவே படுக்கையறைக்குச் சத்தம் வந்து சேரும்.

இயந்திரத்துக்கு விலை கேட்கும்போதே மூன்று விவரங்களை எழுத்தில் வாங்கிவிடுங்கள்: ஓடும்போது உள்ள எடை, ஒவ்வொரு காலிலும் இறங்கும் பாரம், போல்ட் துளைகளின் இடைவெளி. காலி எடையைச் சொன்னால் ஏற்காதீர்கள். கூலிங் டவரில் தண்ணீர் நிரம்பினால் அது இரண்டு மடங்கையும் தாண்டலாம். அந்தத் தாளைக் கட்டடப் பொறியாளர் ஒருவரிடம் கொடுத்து, உங்கள் கட்டட வரைபடத்தில் எந்தப் பீமின் மேல் எந்தப் பீடம் என்று குறித்துக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள். முன்பணம் அதற்குப் பிறகு கொடுக்கலாம்.