தேய்ந்த சாவியும் தொலைந்த சாவியும்: பழைய பிக்-அப் வைத்திருக்கும் வணிகர் கவனத்திற்கு

கடைக்குப் பூட்டு வாங்கும்போது நாம் எவ்வளவு விசாரிக்கிறோம்! திண்டுக்கல் பூட்டா, அலிகார் பூட்டா, எத்தனை லீவர், சாவி இரண்டா மூன்றா, இன்னொருவர் சாவி இதற்குப் போகுமா என்று கடைக்காரரைத் துளைத்து எடுக்கிறோம். வாங்கி வந்த பிறகும் ஒரு சாவியை வீட்டுப் பீரோவிலும் இன்னொன்றை இடுப்பிலும் வைத்துக்கொள்கிறோம். அதே நாம், பல லட்சம் ரூபாய்ப் பட்டுச் சேலைகளையும் சரிகைப் பெட்டிகளையும் ஏற்றிக்கொண்டு போகும் பிக்-அப் வண்டியின் சாவியைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அது டிரைவர் சட்டைப்பையில் இருக்கும். அதோடு சரி.

இன்றும் நம் உறுப்பினர்கள் பலரிடம் பழைய டாட்டா 207, மகிந்திரா பிக்-அப், 2005-இல் வந்த ‘குட்டி யானை’ போன்ற வண்டிகள்தான் ஓடுகின்றன. என்ஜின் நன்றாக இருக்கிறது, எப்.சி. ஆகிவிடுகிறது, எதற்கு மாற்ற வேண்டும் என்பது நியாயமான எண்ணமே. ஆனால் வண்டியோடு சேர்ந்து சாவியும் கிழமாகிறது என்பதை நாம் மறந்துவிடுகிறோம். பிள்ளையார்பாளையத்துத் தறி வீடுகளுக்குப் பாவும் ஊடையும் கொண்டுபோய்க் கொடுத்து, நெய்த சேலையை எடுத்துக்கொண்டு காந்தி ரோட்டுக்கு வந்து, அங்கிருந்து லாரி ஆபீசுக்குப் பார்சல் கொண்டு போகும் வண்டி ஒரே நாளில் இருபது தடவை நிற்கும். ஒவ்வொரு தடவையும் சாவி உள்ளே போய் வெளியே வரும். பத்துப் பதினைந்து வருடம் இப்படிப் போனால் எந்த உலோகம்தான் தேயாது?

வண்டிப் பூட்டின் உள்ளமைப்பு தெரிந்தால் மற்றவை எளிதில் விளங்கும். பூட்டின் நடுவே ஓர் உருளை. அதன் குறுக்கே வரிசையாகச் சிறு பித்தளைத் தகடுகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு ஸ்பிரிங். சாவியில் இருக்கும் பள்ளம் மேடுகள் அந்தத் தகடுகளை அதனதன் உயரத்தில் நிறுத்தும். எல்லாத் தகடும் உருளைக்குச் சமமாக அடங்கினால்தான் உருளை சுற்றும். சாவியின் மேடு தேய்ந்துவிட்டால் ஏதோ ஒரு தகடு மயிரிழை வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். “அண்ணா, லேசா வெளியே இழுத்து, ஆட்டித் திருப்பணும்” என்று டிரைவர் சொல்லிக் கொடுக்கிறாரே, அதன் பொருள் இதுதான். ஆட்ட ஆட்டத் தகடுகளும் தேய்கின்றன. கடைசியில் பக்கத்துக் கடை வண்டிச் சாவியும் நம் வண்டிக்குப் போகிறது. திருப்புளியை விட்டுத் திருப்பினாலும் சுற்றுகிறது. அந்த நிலைக்கு வந்த பூட்டைப் பூட்டு என்று சொல்வதில் அர்த்தமில்லை.

இதில் நம்மவர்கள் வழக்கமாகச் செய்யும் காரியம் ஒன்று உண்டு. சாவி தேய்ந்தவுடன் அதையே கொண்டுபோய் டூப்ளிகேட் போட்டு வருவது. சாவி வெட்டும் மெஷினில் ஒரு பக்கம் நம் சாவி, மறுபக்கம் வெறும் சாவி. நம் சாவியின் மேடு பள்ளத்தைத் தடவிக்கொண்டே மெஷின் மறுபக்கத்தில் வெட்டும். தேய்ந்த சாவியைக் கொடுத்தால் தேய்மானத்தையும் சேர்த்தே வெட்டிக் கொடுக்கும். புதுச் சாவி பளபளவென்று இருக்கும், ஆனால் ஆட்டித்தான் திருப்ப வேண்டியிருக்கும். அந்த டூப்ளிகேட்டுக்கு ஒரு டூப்ளிகேட், அதற்கும் ஒன்று என்று போகப் போக அசலிலிருந்து விலகிக்கொண்டே போகும். பாவில் ஓர் இழை தப்பினால் சேலை முழுவதும் அந்தக் கோடு ஓடுவது போலத்தான்.

ஆகவே, வண்டி வாங்கியபோது கொடுத்த இரண்டாவது சாவி வீட்டில் எங்காவது கிடக்கிறதா என்று முதலில் தேடிப் பாருங்கள். புழங்காத சாவி தேய்ந்திருக்காது. அதை வைத்துத்தான் நகல் எடுக்க வேண்டும். எடுத்தவுடன் அசலை மறுபடி பீரோவில் வைத்துவிட வேண்டும். அந்தச் சாவி இல்லையென்றால் சாவி எண்ணைத் தேடுங்கள். சில வண்டிகளில் சாவியின் மேலேயே எண் அடித்திருப்பார்கள். சிலவற்றில் சாவியோடு வந்த சிறு தகட்டில் இருக்கும். சிலவற்றில் கதவுப் பூட்டைக் கழற்றினால் அதன் உடம்பில் இருக்கும். எண் கிடைத்தால் கம்பெனி அளவுக்கே புதிதாக வெட்ட வழியுண்டு. கம்பெனி டீலரிடம் கேட்டுப் பார்க்கலாம். மிகப் பழைய வண்டி என்றால் அங்கே கையை விரித்துவிடவும் கூடும்.

எண்ணும் இல்லை, அசலும் இல்லை என்றால் கைத்தொழில் தெரிந்த சாவிக்காரர்தான் கதி. இவர்கள் கையாளும் முறை ஒன்றை நம் உறுப்பினர்கள் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. டிரைவர் பக்கக் கதவுப் பூட்டு தினமும் புழங்கித் தேய்ந்திருக்கும். கிளீனர் பக்கக் கதவுக்குச் சாவி போடுவாரே கிடையாது. ஒரே சாவியில் எல்லாம் திறக்கும் வண்டியாக இருந்தால், கிளீனர் பக்கத்துப் பூட்டைக் கழற்றி அதன் தகடுகளின் உயரத்தைப் பார்த்து வெட்டினால் அசல் அளவுக்கு மிக அருகில் வரும். சில வண்டிகளில் இக்னிஷன் பூட்டில் கதவைவிட ஓரிரு தகடு கூடுதலாக இருக்கும். அதை மட்டும் அரம் போட்டுச் சரிசெய்துகொள்ள வேண்டும். எல்லாச் சாவியும் தொலைந்த வண்டிக்கு, வெறும் சாவியை உள்ளே விட்டு அழுத்தித் திருப்பி, தகடுகள் பதிக்கும் தடத்தைப் பார்த்துப் பார்த்து அரத்தால் ராவுவார்கள். ஒரு மணி நேரமும் ஆகும், இரண்டு மணி நேரமும் ஆகும். கண்ணும் கையும் பழகியவர்களால்தான் முடியும். நம் காஞ்சிப் பட்டைப் போலவே புவிசார் குறியீடு பெற்றது திண்டுக்கல் பூட்டு. 2019-இல் அதற்குக் கிடைத்தது. கையால் சாவி ராவும் இந்த வேலைக்கும் அந்த மரபுக்கும் உறவு உண்டு என்றே நமக்குத் தோன்றுகிறது. கூலியில் ரொம்பவும் பேரம் பேசாதீர்கள். ஆனால் வேலை முடியும்வரை நாமோ நம் வீட்டுப் பிள்ளையோ பக்கத்தில் இருக்க வேண்டும். சரியாக அமையாமல் ஒதுக்கிய சாவிகளையும் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

சாவி உள்ளே ஒடிந்துவிட்டால் பதற்றப்பட வேண்டாம். மிச்சத் துண்டால் திருப்பப் பார்த்து அதை மேலும் உள்ளே தள்ளிவிடாமல் இருந்தால் போதும். இரண்டு துண்டும் கிடைத்தால் அவற்றைச் சேர்த்து வைத்தே புதியது வெட்டிவிடலாம். பூட்டு இறுகினால் என்ஜின் ஆயில் விடும் பழக்கத்தையும் விட்டுவிட வேண்டும். ஆயிலில் தூசி ஒட்டிப் பசையாகிவிடும். பென்சில் முனையைச் சுரண்டி அந்தக் கரித்தூளைச் சாவியில் தடவி நாலு தடவை உள்ளே விட்டு எடுத்தாலே வித்தியாசம் தெரியும்.

உயிருக்கு ஆபத்தான ஒரு விஷயத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். என்ஜின் ஓடும்போதே சாவியை உருவி எடுக்க முடிகிறதா என்று இன்றே வண்டியை நிறுத்தி வைத்துச் சோதித்துப் பாருங்கள். முடிந்தால் அந்தப் பூட்டு தீர்ந்துபோய்விட்டது. ஸ்டியரிங் லாக் உள்ள வண்டியில் ஓட்டத்தின்போது சாவி நழுவி விழுந்து, லாக் விழுந்துவிட்டால் ஸ்டியரிங் திரும்பாது. வாலாஜாபாத் ரோட்டில் லோடோடு போகும்போது அப்படி ஆனால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

அதே போலச் சாவிக்கொத்து. கடைச் சாவி, கோடவுன் சாவி, கல்லாச் சாவி, கூடவே ஒரு பித்தளைப் பிள்ளையார் என்று எல்லாவற்றையும் வண்டிச் சாவியோடு கோத்துத் தொங்கவிடுகிறோம். குண்டும் குழியுமான ரோட்டில் அந்தக் கனம் ஆடி ஆடிப் பூட்டை இழுக்கிறது. இது அற்ப விஷயமல்ல. அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியின் சில கார்களில் இக்னிஷன் சுவிட்ச் பலவீனமாக அமைந்து, கனமான சாவிக்கொத்தோ ஒரு குலுக்கலோ பட்டாலே ஓடும் காரில் சுவிட்ச் தானாக அணைந்துபோனது. 2014-இல் 26 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தார்கள். 124 உயிர்ப்பலிகளுக்கு அந்தக் கம்பெனியின் நிதியிலிருந்து இழப்பீடு தரப்பட்டது. அங்கே குறை சுவிட்சில் இருந்தது. நம் பழைய வண்டியிலோ தேய்மானமே அந்தக் குறையை உண்டாக்கிவிடும். வண்டிச் சாவி தனியாகவே இருக்கட்டும்.

தொலைந்த சாவிக்கு வருவோம். தேய்ந்த சாவிக்குப் புதுச் சாவி போதும். தொலைந்த சாவிக்கு அது போதாது என்பதே நம் கருத்து. தொலைந்தது யார் கையில் இருக்கிறது என்று நமக்குத் தெரியாது. சாவி வளையத்தில் வண்டி நம்பரை எழுதித் தொங்கவிட்டிருந்தால் எடுத்தவருக்கு வேலை இன்னும் சுலபம். பழைய வண்டிச் சாவி பெரும்பாலும் வெறும் உலோகம்தான். புது வண்டிகளில் சாவித் தலைக்குள் சிப் வைத்து, அது இல்லாமல் என்ஜின் கிளம்பாதபடி செய்கிறார்களே, அந்தக் காவல் இதில் கிடையாது. அது மட்டுமல்ல, பழைய டீசல் என்ஜினை ஒயரைத் தொட்டுக் கிளப்பிவிடலாம். கிளம்பிய பிறகு பல என்ஜின்களுக்கு மின்சாரமே தேவையில்லை. ஆகவே இக்னிஷன், இரண்டு கதவு, டேங்க் மூடி நான்கும் சேர்ந்த லாக் செட்டாகவே மாற்றிவிடுவது உத்தமம். நான்குக்கும் ஒரே சாவி என்பதால் டிரைவருக்கும் வசதி. ஸ்டியரிங்குக்குக் கீழே மறைவாக ஒரு பேட்டரி கட்-ஆப் சுவிட்சும் வைத்துவிட்டால் ஒயரைத் தொட்டுக் கிளப்புகிறவனுக்கு வேலை கஷ்டமாகும். இதற்கெல்லாம் ஆகும் செலவை ஒரு நல்ல முகூர்த்தப் பட்டின் விலையோடு வைத்துப் பாருங்கள்.

செகண்ட் ஹேண்டில் வண்டி வாங்கினாலும் இதே கதைதான். பாரம் 29, 30 எல்லாம் சரியாகக் கையெழுத்தாகும். சாவி மட்டும் ஒன்றுதான் கைக்கு வரும். இன்னொன்று எங்கே என்று கேட்டால் “அது எப்பவோ போச்சுங்க” என்பார்கள். பழைய முதலாளி நல்லவராகவே இருக்கட்டும், அவரிடம் வேலை பார்த்துப் போன டிரைவர்கள் எத்தனை பேர்? நம்மிடமே டிரைவர் நின்றுவிட்டால் சாவியைக் கணக்குப் பார்த்து வாங்குகிறோமா? இது யாரையும் சந்தேகிப்பதற்காகச் சொல்வதல்ல. பின்னால் ஏதாவது நடந்தால் அந்தப் பிள்ளையின் மேல் பழி விழாமல் இருப்பதற்கும் அதுதான் பாதுகாப்பு.

இன்ஷூரன்ஸ் விஷயத்தில் பலரும் விழிப்பது இங்கேதான். வண்டி திருடு போய் கிளெய்ம் போட்டால், எப்.ஐ.ஆரோடு சேர்த்து இரண்டு சாவிகளையும் ஒப்படைக்கும்படி கம்பெனிகள் கேட்பது வழக்கம். ஒன்றுதான் இருக்கிறது என்றால், இன்னொன்றை வண்டியிலேயே விட்டுவிட்டுப் போனீர்களா என்று கேள்வி வரும். எனவே சாவி தொலைந்த அன்றே காவல் நிலையத்தில் மனுக் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது வாங்கி, அதன் நகலோடு இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு ஒரு கடிதம் எழுதி ஸ்பீட் போஸ்டிலோ மின்னஞ்சலிலோ அனுப்பிவிட வேண்டும். பூட்டு மாற்றிய பில்லையும் வண்டி நம்பர் போட்டு வாங்கிப் பைலில் வையுங்கள். சாவியை வண்டியிலேயே விட்டு இறங்கிய வழக்கு ஒன்று உச்ச நீதிமன்றம்வரை போனது. டிரைவர் வழி விசாரிக்க இறங்கிய நேரத்தில் லாரியை ஒருவன் ஓட்டிக்கொண்டு போய்விட்டான். கம்பெனி பணம் தர மறுத்தது. 2023-இல் நீதிமன்றம், இது கிளெய்மை முழுதாக மறுக்கும் அளவுக்குப் பெரிய தவறல்ல என்று கூறி 75 சதவீதம் கொடுக்கச் சொன்னது. மீதி 25 சதவீதம் போனது போனதுதான். வழக்கு நடத்திய காலம் வேறு.

நம் ஊருக்கென்று ஒரு கஷ்டமும் இருக்கிறது. வைகாசியில் வரதராஜப் பெருமாள் கருட சேவை, தேர். பங்குனியில் ஏகாம்பரநாதர் உற்சவம். ராஜ வீதிகளிலும் காந்தி ரோட்டிலும் வண்டியை உடனே எடு என்று போலீசார் சொன்னால் எடுத்தாக வேண்டும். 2019-இல் அத்தி வரதர் 48 நாள் தரிசனம் தந்தபோது ஊருக்குள் வண்டி நகர்ந்த கதை யாருக்கும் மறந்திருக்காது. அப்படியொரு நாளில் சாவி தொலைந்து, ஸ்டியரிங் லாக் விழுந்த வண்டி கடை வாசலில் நின்றால் அதைத் தள்ளவும் முடியாது, திருப்பவும் முடியாது. அன்றைக்குச் சாவிக்காரரைத் தேடினாலும் கூட்டத்தைத் தாண்டி அவர் வந்து சேர மாட்டார். உற்சவக் கொடி ஏறுவதற்கு முன்பே இரண்டாம் சாவியைப் போட்டுப் பார்த்து வையுங்கள்.

அந்த இரண்டாம் சாவியை எங்கே வைப்பது என்பதிலும் கொஞ்சம் யோசனை வேண்டும். வண்டி டேஷ்போர்டில் வைப்பவர்களும், பம்பருக்கு உள்பக்கம் ஒட்டி வைப்பவர்களும் இருக்கிறார்கள். திருடனுக்கும் அந்த இடங்கள் தெரியும். கடைக் கல்லாவில் வைத்தால் கடை பூட்டிய பிறகு எடுக்க முடியாது. வீட்டில், வீட்டம்மாவுக்குத் தெரிந்த இடத்தில், வண்டி நம்பர் எழுதாத ஒரு துணிப்பையில் இருக்கட்டும். சாவி எண்ணை மட்டும் ஆர்.சி. புத்தக நகலின் பின்பக்கத்தில் குறித்து வையுங்கள்.