திரையில் ஒரு சிவப்புப் புள்ளி!

சீட்டுப் பணத்தை எடுத்துப் புது லேப்டாப் வாங்குகிறோம். மகன் ஆசையோடு திறக்கிறான். திரையின் நடுவில் சிவப்பாக ஒரு புள்ளி! கடுகை விடச் சிறியது. எந்தப் படத்தைப் போட்டாலும் அங்கேயே நிற்கிறது.

"வாங்கிய அன்றே கெட்டுப் போய்விட்டதே!" என்று தாயார் கலங்குகிறார். "சூடு காட்டு" என்கிறார் ஒருவர். "கட்டை விரலால் அழுத்து" என்கிறார் இன்னொருவர்.

கொஞ்சம் பொறுங்கள். அது என்ன புள்ளி?

62 லட்சம் கண்கள்

வாசலில் புள்ளி வைத்துக் கோலம் போடுகிறோம் அல்லவா? திரையில் தெரியும் படமும் அப்படித்தான். புள்ளிகளால் ஆனது. அந்தப் புள்ளிக்குப் பிக்சல் என்று பெயர்.

பல லேப்டாப்புகளில் குறுக்கே 1,920 புள்ளிகள். மேலிருந்து கீழே 1,080. பெருக்கிப் பாருங்கள். 20 லட்சத்து 73 ஆயிரத்து 600! ஒவ்வொரு புள்ளிக்குள்ளும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று கண்கள். ஆக, 62 லட்சத்துக்கு மேல்!

திரைக்குப் பின்னால் வெள்ளை விளக்கு எரிகிறது. முன்னால் 'திரவப் படிகம்' என்ற பொருள் இருக்கிறது. மின்சாரம் பட்டால் அது திரும்பிக் கொள்ளும். வெளிச்சத்துக்கு வழி விடும், அல்லது அடைக்கும். ஒவ்வொரு கண்ணுக்கும் ஒரு குட்டி டிரான்சிஸ்டர் காவல்.

இதில் ஒரு வேடிக்கை. இந்தப் பொருளின் குணத்தை முதலில் கவனித்தவர் ஒரு தாவர நிபுணர்! ஆஸ்திரியா நாட்டு ரைனிட்சர். 1888-ம் ஆண்டு, காரட்டில் இருந்து எடுத்த ஒரு பொருளை வைத்து ஆராய்ந்தார். அது 145 டிகிரியில் உருகிக் கலங்கலாக நின்றது. 178 டிகிரியில் தெளிந்தது. ஒரே பொருள் இரண்டு முறை உருகுமா என்று அவர் திகைத்தார்.

ஒட்டியதா, செத்ததா?

ஒரு கண் மூடாமல் எரிந்து கொண்டே இருந்தால், அது ஒட்டிய புள்ளி. சிவப்பாக, பச்சையாக, நீலமாகத் தெரியும். எந்தக் கண்ணும் திறக்காமல் கறுப்பாகவே நின்றால், அது செத்த புள்ளி.

முதலில் தூசியா என்று பாருங்கள். லேப்டாப்பை அணைத்து, மெல்லிய துணியால் மெதுவாகத் துடையுங்கள். பிறகு திரை முழுவதும் வெள்ளை, கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம் என்று ஒவ்வொரு நிறமாக வைத்துப் பாருங்கள். குறை தானே தெரிந்து விடும்.

வைத்தியம் உண்டா?

ஒட்டிய புள்ளிக்கு உண்டு. நிறங்களை வேகமாக மாற்றி மாற்றிக் காட்டும் மென்பொருள்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. அந்த இடத்தில் சில மணி நேரம் ஓட விடலாம். சில சமயம் புள்ளி விடுபடும். சில சமயம் விடுபடாது. வலிப்பு நோய் உள்ளவர்கள் அந்த மின்னலைப் பார்க்கவே கூடாது. குழந்தைகளும் தள்ளி இருக்கட்டும்.

செத்த புள்ளி பெரும்பாலும் பிழைக்காது.

அழுத்தாதீர்கள்! ஒன்று பிழைக்கும் முன் பக்கத்தில் உள்ள பத்து செத்துவிடலாம். சூடு காட்டுவது அதை விட மோசம்.

கடைக்காரர் என்ன சொல்வார்?

"ஒரு புள்ளிக்கு மாற்ற மாட்டோம்" என்பார். அவர் சொல்வது முழுப் பொய் அல்ல. 2001-ல் வந்த உலகத் தர விதி ஒன்று, இரண்டாம் வகுப்புத் திரையில் 10 லட்சம் புள்ளிக்கு 2 ஓயாமல் எரியலாம், 2 இருண்டிருக்கலாம் என்று அனுமதித்தது. 2008-ல் வேறு விதி வந்தது. எத்தனை புள்ளி வரை பொறுப்பது என்பதில் கம்பெனிக்குக் கம்பெனி கணக்கு வேறு.

ஆகவே பணம் கொடுக்கும் முன்பே கடையில் ஐந்து நிறத்தையும் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். கூச்சப்பட வேண்டாம். தபாலில் வந்தால் அன்றே பாருங்கள். திருப்பி அனுப்பும் கெடு சில நாள்தான். புள்ளியைப் போட்டோ எடுத்து, பில்லோடு பத்திரப்படுத்துங்கள்.

கெடு தாண்டிவிட்டதா? புள்ளி ஓரத்தில் இருந்தால் விட்டுவிடுங்கள். ஒரு புள்ளியை மட்டும் மாற்ற முடியாது. முழுத் திரையையும் மாற்ற வேண்டும். செலவு அதிகம்.

மை கொட்டியது போல் கறை பரவுகிறதா? அது வேறு நோய். உள்ளே கண்ணாடி உடைந்திருக்கலாம். மூடும்போது பேனா உள்ளே கிடந்ததா என்று பையனைக் கேளுங்கள்!