விழத் தெரிந்த மனுஷன்: யகிமா கனட்

பழைய வெஸ்டர்ன் படங்களாகத் தேடிப் பார்க்கும் கிறுக்கு கொஞ்ச நாளாக என்னைப் பிடித்திருக்கிறது. அதில் ஜான் ஃபோர்டின் 'ஸ்டேஜ்கோச்' (1939) படத்தில் ஒரு காட்சியை மட்டும் பத்துத் தடவையாவது ஓட்டிப் பார்த்திருப்பேன். ஆறு குதிரை பூட்டிய வண்டி தலைதெறிக்க ஓடுகிறது. ஒரு அப்பாச்சி வீரன் வண்டியின் முன்ஜோடிக் குதிரைகள் மேல் தாவுகிறான். ஜான் வெய்ன் சுடுகிறார். அவன் இரண்டு குதிரைகளுக்கும் நடுவே சரிந்து, தொங்கியபடி தரையில் இழுபட்டு, கடைசியில் கையை விடுகிறான். குதிரைகளும் வண்டியும் அவன் மேலாகவே கடந்து போய்விடுகின்றன. கிராஃபிக்ஸ் இல்லாத காலம். பொம்மையும் இல்லை, நிஜ ஆள்.

அந்த ஆள்தான் யகிமா கனட். வேடிக்கை என்னவென்றால், அதே துரத்தலில் வெய்னுக்கு டூப் போட்டுக் குதிரைகள் மேல் தாவியவரும் இவரேதான்.

1895-இல் வாஷிங்டன் மாநிலத்தில் பிறந்தவர். முரட்டுக் குதிரை அடக்கும் ரோடியோ போட்டிகளில் சாம்பியன். அப்படியே மௌனப் படங்களில் நாயகனாகவும் ஆனார். ஆனால் கடற்படையில் இருந்தபோது வந்த காய்ச்சலில் குரல் கெட்டுப்போயிருந்தது. பேசும் படம் வந்ததும் நாயகன் வாய்ப்பு போச்சு. அடியாள் வேடங்களும் ஸ்டண்டும்தான் மிச்சம். 'கான் வித் த விண்ட்' படத்தில் பாலத்தில் ஸ்கார்லெட்டை மறிக்கும் முரடன் இவர்தான்.

இவருடைய தைரியத்தைவிட, அதை இவர் நம்பாமல் இருந்ததுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. குதிரையிலிருந்து விழுபவனுக்குப் பெரிய ஆபத்து எது? அங்கவடியில் கால் மாட்டிக்கொள்வது. மாட்டினால் குதிரை இழுத்துக்கொண்டே ஓடும். கனட் ஒரு பக்கம் திறந்த, 'எல்' வடிவ அங்கவடியைப் பயன்படுத்தினார். விழும்போது கால் தானாக விடுபட்டுவிடும். என் பாஷையில் சொன்னால், பிழை வரும் என்று எதிர்பார்த்தே செய்த டிசைன்.

ஆனால் எல்லாமே பெருமைப்படும்படி இல்லை. குதிரையின் முன்னங்காலில் கம்பி கட்டி, ஓடும்போது இழுத்துக் குப்புற விழவைக்கும் 'ரன்னிங் டபிள்யூ' என்ற முறையை இவரும் பயன்படுத்தியிருக்கிறார். அதில் காலொடிந்து செத்த குதிரைகள் உண்டு. மனிதனுக்கு இருந்த பாதுகாப்புக் கணக்கில் அன்றைக்குக் குதிரை சேர்க்கப்படவில்லை. இதை மறைத்துவிட்டு இவரைப் புகழ எனக்கு மனசு வரவில்லை.

1959-இல் 'பென்ஹர்' வந்தபோது இவருக்கு அறுபதைத் தாண்டிவிட்டது. அந்தத் தேர்ப்பந்தயத்துக்கு ஆட்களைப் பழக்கியவர் இவர். சார்ல்டன் ஹெஸ்டனுக்கு டூப் இவர் மகன் ஜோ. நொறுங்கிக் கிடந்த தேர்மேல் ஜோவின் தேர் ஏறித் துள்ளியதும், பையன் முன்பக்கமாகத் தூக்கி எறியப்பட்டான். அது திட்டத்தில் இல்லாதது. எப்படியோ தேரைப் பிடித்துக்கொண்டதால் முகவாயில் தையலோடு தப்பித்தான். படத்தில் இன்றும் நாம் பார்ப்பது அந்த விபத்தைத்தான். நாம் கைதட்டும் அந்த நொடியில் ஒரு அப்பனுக்கு எப்படி இருந்திருக்கும்?

1967-இல் கனட்டுக்குக் கௌரவ ஆஸ்கர் கொடுத்தார்கள். சாகசத்துக்காக மட்டுமல்ல, ஸ்டண்ட்காரர்களைக் காக்கும் கருவிகளை உருவாக்கியதற்காகவும். ஆனாலும் ஸ்டண்டுக்கென்று தனிப் பிரிவு வரவில்லை. 2025-இல்தான் அறிவித்தார்கள், 2027-இல் வெளியாகும் படங்களிலிருந்து தொடங்குமாம். அந்த விருதுக்கு வைத்த பெயர் எனக்குப் பிடித்திருக்கிறது: 'ஸ்டண்ட் டிசைன்'.

ராத்திரி முழுக்க உட்கார்ந்து சர்வரைத் தூக்கி நிறுத்துகிறவனுக்குத்தான் எங்கள் வேலையிலும் கைதட்டல். அது விழாமல் எழுதி வைத்தவனை யாரும் கேட்பதில்லை. கனட் 1986-இல், தொண்ணூறு வயதில் காலமானார். அந்தத் தொழிலில் அத்தனை வருஷம் இருந்த ஒருவருக்கு அந்த வயதே ஒரு விருதுதான், இல்லையா?